காடுகளுக்கான அரசாங்கச் செலவும் மட்டக்களப்பு வாவியின் கண்டல்களும்

வரவு செலவுத்திட்டம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படும் நாளில் பாதுகாப்புக்கு எவ்வளவு, கல்விக்கு எவ்வளவு, சுகாதாரத்துக்கு எவ்வளவு என்பதை எல்லாப் பத்திரிகைகளும் அட்டவணையிட்டு வெளியிடுகின்றன. அரசாங்க ஊழியரின் சம்பள உயர்வும் அஸ்வெசும கொடுப்பனவும் அன்று மாலையே தேநீர்க் கடைகளில் விவாதத்துக்கு வந்துவிடும். காட்டுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்ற கேள்வியை மட்டும் எதிர்க்கட்சியினரும் எழுப்புவதில்லை, எம்மவரும் எழுப்புவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா சூறாவளி அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. அதனால் ஏற்பட்ட நேரடிச் சேதம் 4.1 பில்லியன் அமெரிக்க டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது. மலைச்சரிவில் மண்ணைப் பிடித்து வைக்கும் மரத்துக்கும், கரையோரத்தில் நீரின் வேகத்தைத் தணிக்கும் கண்டலுக்கும் இந்நாடு ஆண்டுதோறும் என்ன செலவிடுகின்றது என்பதை இதற்குப் பின்னரும் கேட்காதிருப்பது நியாயமாகாது.

முதலில் உலகக் கணக்கைப் பார்ப்போம். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட உலக வன வள மதிப்பீடு இவ்விடயத்தில் சுவாரஸ்யமானதொரு படத்தைத் தந்தது. அரசாங்கங்கள் தமது காடுகளில் இருந்து ஹெக்டேயர் ஒன்றுக்குச் சராசரியாக 4.5 டொலர் வருமானம் பெறுகின்றன. ஆனால் அதே ஹெக்டேயருக்கு 7.5 டொலரைச் செலவிடுகின்றன. அதாவது பெரும்பாலான அரசுகளுக்குக் காடு வருமானம் தரும் சொத்தல்ல, செலவு வைக்கும் சொத்து. கண்டங்களுக்கிடையிலான வேறுபாடு இதைவிட வியப்பானது. ஆசியாவின் சராசரிச் செலவு ஹெக்டேயருக்கு 20 டொலரைத் தாண்டியிருந்தது. அமேசனைத் தன்னகத்தே கொண்ட தென்னமெரிக்காவிலோ அது ஒரு டொலருக்கும் குறைவு. பரந்த காடுள்ள இடத்தில் செலவு குறைவாகவும், காட்டை இழந்து திருப்பிப் பெற முயலும் இடத்தில் செலவு அதிகமாகவும் இருப்பதே இதன் பொருள். இருந்ததைக் காப்பது மலிவு, இழந்ததை மீட்பது விலை கூடியது.

இத்தகைய ஒப்பீடுகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அரசாங்கச் செலவினங்களைத் துறைவாரியாக வகுக்கும் சர்வதேச முறைமையில் வனத்துறை தனித் தலைப்பன்று. விவசாயம், மீன்பிடி, வேட்டை ஆகியவற்றுடன் சேர்த்து ஒரே பெட்டிக்குள் அது அடைக்கப்பட்டிருக்கிறது. உயிர்ப்பல்வகைமைப் பாதுகாப்பு இன்னொரு பெட்டியில், சுற்றாடல் என்ற பெயரின் கீழ் வருகிறது. இலங்கையிலும் இதே கதைதான். வன பரிபாலனத் திணைக்களத்துக்கு ஒரு தலைப்பு, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு வேறொரு தலைப்பு, கரையோரம் பேணல் திணைக்களத்துக்கு மற்றொன்று. அரசாங்கங்கள் மாறும்போது இத்திணைக்களங்கள் அமைச்சுக்கு அமைச்சு இடம்மாறுவதும் உண்டு. ஒரு கண்டல் மரத்துக்கு அரசாங்கம் செலவிடும் ரூபாவை அறிய விரும்புபவர் மதிப்பீட்டு நூலின் பல மூலைகளில் தேட வேண்டும். அவ்வாறு தேடினாலும், மீண்டுவரும் செலவான சம்பளம், படிகள், வாகன எரிபொருள் ஆகியவற்றுக்குப் போவது எவ்வளவு, மரத்தின் வேருக்குப் போவது எவ்வளவு என்பது அத்தனை எளிதில் பிரிந்து நிற்பதில்லை.

செலவின் பருமனை மட்டும் பார்த்தால் சீனாவுக்கு நிகராக எந்த நாடும் இல்லை. 1998 இல் யாங்சி நதி பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட பின்னர், மேற்பகுதிகளில் காடழிக்கப்பட்டதே அனர்த்தத்தைப் பெருப்பித்தது என்ற முடிவுக்கு பீஜிங் வந்தது. அவ்வாண்டே இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பதைக் கட்டுப்படுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டில், சரிவு நிலங்களில் பயிர்ச்செய்கையைக் கைவிட்டு மரம் நடும் விவசாயிக்குத் தானியமும் பணமும் வழங்கும் திட்டம் வந்தது. இருபது ஆண்டுகளில் இந்த இரண்டாவது திட்டத்துக்கு மாத்திரம் மத்திய அரசாங்கம் 500 பில்லியன் யுவானுக்கு மேல் செலவிட்டது. ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் ஹெக்டேயரில் மரமும் புல்லும் வளர்க்கப்பட்டன. ஒரே இன மரங்களை வரிசையாக நட்டதனால் அது காடாகாமல் தோட்டமாகிவிட்டது என்ற விமர்சனம் நியாயமானதே. ஆயினும் அனர்த்தம் ஒன்றிலிருந்து வரவு செலவுத்திட்டத்துக்கு நேராக ஒரு கோடு இழுத்த அரசாங்கம் என்ற வகையில் அது கவனத்திற்குரியது. டித்வாவுக்குப் பின் கொழும்பு அத்தகையதொரு கோட்டை இழுக்குமா என்பதே எமது கேள்வி.

அயல்நாடான இந்தியாவில் பணத்துக்குக் குறைவில்லை. பணம் காட்டைச் சென்றடைவதில்தான் சிக்கல். சுரங்கம், வீதி, அணை ஆகியவற்றுக்காகக் காட்டு நிலத்தை எடுப்போர் அதற்கு ஈடாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அங்குள்ள ஏற்பாடு. இப்பணம் நீண்ட காலம் செலவிடப்படாமல் குவிந்து கிடந்தது. 2016 இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, 2019 ஓகஸ்டில் 27 மாநிலங்களுக்கு 47,436 கோடி இந்திய ரூபா கைமாற்றப்பட்டது. இதைவிட எமக்குப் பாடமாகக்கூடியது வேறொன்று. பதினான்காவது நிதி ஆணைக்குழு 2015 ஆம் ஆண்டு தொடக்கம் மாநிலங்களுக்கு வரிப்பணத்தைப் பகிர்ந்தளிக்கும் சூத்திரத்தில் வனப்பரப்புக்கு 7.5 சதவீத நிறை கொடுத்தது. பதினைந்தாவது ஆணைக்குழு அதனை 10 சதவீதமாக்கியது. காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் மாநிலம் அதனால் இழக்கும் வருமானத்துக்கு மத்திய அரசாங்கத்திடம் ஈடு கேட்கலாம் என்பதை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. இலங்கையிலும் மாகாணங்களுக்கு நிதியைப் பங்கிட 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் கீழ் நிதி ஆணைக்குழு ஒன்று உண்டு. சனத்தொகை, தலா வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வு ஆகியவற்றை அது கருத்திற்கொள்ள வேண்டும் என அரசியலமைப்பு கூறுகிறது. காட்டைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. கிழக்கு மாகாணம் தன் காட்டையும் களப்பையும் காத்தாலும் அழித்தாலும் திறைசேரியிலிருந்து வரும் பணத்தில் வித்தியாசம் ஏற்படப்போவதில்லை.

கொஸ்தா ரிக்கா எமது நாட்டைவிடச் சிறியது. 1980 களில் அதன் வனப்பரப்பு நாட்டின் கால்வாசியளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. இன்று பாதிக்கு மேல் காடு. 1996 ஆம் ஆண்டின் வனச் சட்டம் இயற்கைக் காட்டை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதைத் தடை செய்ததுடன், எரிபொருள் வரியில் ஒரு பங்கைக் காடு காக்கும் காணி உரிமையாளருக்குக் கொடுப்பதற்கு வழிசெய்தது. வியட்நாமில் நீர்மின் நிலையங்கள் ஒவ்வொரு கிலோவாற் மணித்தியாலத்துக்கும் முதலில் 20 டொங், பின்னர் 36 டொங் என்று மேல்நிலக் காடுகளைக் காப்போருக்குச் செலுத்துகின்றன. பாவனையாளர் கொடுக்கும் பணம் பாதுகாவலனுக்குப் போகிறது. மகாவலியும் களனியும் மின்சாரம் தரும் இந்நாட்டில் மின்கட்டணம் எத்தனையோ தடவை உயர்த்தப்பட்டது, அதில் ஒரு சதமேனும் காட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டோமா?

நேபாளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது பணம் படைத்த நாடன்று. 1993 ஆம் ஆண்டின் வனச் சட்டம் காடுகளின் பராமரிப்பையும் பயனையும் கிராமப் பயனாளர் குழுக்களிடம் ஒப்படைத்தது. அத்தகைய குழுக்கள் இருபத்திரண்டாயிரத்துக்கும் மேல் உள்ளன. விறகு, தழை, மரம் ஆகியவற்றை அவர்களே விற்கலாம், அவர்களே தண்டிக்கலாம், கிராமப் பாடசாலைக்கு அவ்வருமானத்தில் கூரையும் போடலாம். 1992 இல் நாட்டின் 26 சதவீதமாக இருந்த வனப்பரப்பு 2016 இல் 45 சதவீதமாக உயர்ந்ததாகச் செய்மதிப் படங்களை ஆராய்ந்தோர் கூறினர். இளைஞர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றதால் வயல்கள் தரிசாகி மரம் முளைத்தது என்பதும் ஒரு காரணமே. எனினும் ஹெக்டேயருக்கு எத்தனை டொலர் என்ற கணக்கு ஓர் எல்லைக்கு அப்பால் செல்லாது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எம்மிடம் இல்லை.

இனி எமது வாவிக்கரைக்கு வருவோம்.

வடக்கே பங்குடாவெளி முதல் தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு தொடுப்பு. கிழக்கே எழுவான்கரையில் தமிழ் ஊர்களும் காத்தான்குடி போன்ற முஸ்லிம் ஊர்களும் மாறி மாறி அமைந்திருக்க, மேற்கே படுவான்கரையில் வயலும் மேய்ச்சலும். வடக்கே வாழைச்சேனைக் களப்பும் ஓட்டமாவடியும், அதற்கும் அப்பால் வாகரையும் பனிச்சங்கேணியும் இதே வாழ்வின் நீட்சிகளே. கண்டல், கண்ணா, தில்லை என்று எமது மக்கள் பெயரிட்டு அறிந்த மரங்கள் இக்கரைகளில் நின்றன. கொடுவாவும் மணலையும் இறாலும் நண்டும் குஞ்சாக வளரும் இடம் அவற்றின் வேர்களுக்கிடையேதான். வாவியில் வலை வீசுபவனுக்குக் கண்டல் என்பது சுற்றாடல் தினத்து விடயமன்று, அடுத்த பருவத்து உழைப்பு.

இம்மரங்கள் அழிந்த வரலாற்றில் எவரும் சுத்தமான கையுடன் நிற்கவில்லை. இலங்கையில் வர்த்தக ரீதியிலான இறால் வளர்ப்பு முதன்முதலாகத் தொடங்கப்பட்டது 1970 களின் இறுதியில் இம்மாவட்டத்திலேயே. யுத்தம் வந்ததும் கம்பனிகள் வடமேற்குக் கரைக்குப் பெயர்ந்தன. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவி, கண்டலை வெட்டித் தோண்டிய குளங்கள் புத்தளம் பக்கம் கைவிடப்பட்டன. 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி தென்னையோடு கண்டலையும் சாய்த்தது. யுத்த காலத்தில் பாதுகாப்புக் காரணங்களுக்காக வீதியோரக் கண்டல்கள் வெட்டி அகற்றப்பட்டதை இம்மாவட்டத்து முதியவர் எவரும் மறந்திருக்க மாட்டார். யுத்தம் முடிந்த பின் வெட்டியது யார்? குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டி வாவிக்கரையை மேடாக்கிக் காணி பிடிக்கும் விடயத்தில் தமிழர், முஸ்லிம் என்ற பேதம் காணப்படவில்லை. ஏனைய விடயங்களில் அபூர்வமாகிப்போன ஒற்றுமை இதிலே தாராளமாக இருந்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்டல் திடீரெனப் புகழ் பெற்றது. அரச நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் நாடெங்கும் கண்டல் நடுகைக்குக் கிளம்பின. பதாகை, படப்பிடிப்பு, நாற்று, சேறு. அதன் விளைவு என்னவாயிற்று என்பதை 2017 இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. நாட்டில் 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையில் கண்டல் நடப்பட்டிருந்தது. அதில் வெற்றி கண்டது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று. கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய அம்மூன்றும் மேற்குக் கரையைச் சேர்ந்தவை. கண்டல் வளர முடியாத இடத்தில் நட்டது, நட்டபின் எவரும் திரும்பிப் பாராதது, மாடு மிதித்ததும் மேய்ந்ததும், பாசி மூடியது என்று காரணங்கள் நீள்கின்றன. நட்ட கன்றுக்கு நிதியளித்தோர், பிழைத்த கன்றுக்கு நிதியளிக்கவில்லை என்பதே இதன் சாரம். கணக்காய்வில் இச்செலவுக்கு ரசீது இருந்திருக்கும், கரையில் மரம் இருக்காது.

2015 இல் தன் கண்டல்கள் அனைத்தையும் பாதுகாக்கும் முதலாவது நாடு என்ற பெயரை இலங்கை பெற்றது. அமெரிக்கத் தொண்டு நிறுவனமான சீகோலஜியும் உள்ளூர் அமைப்பான சுதீசவும் அரசாங்கத்துடன் கைகோத்த அத்திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 3.4 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது; 8,815 ஹெக்டேயர் கண்டல் அதில் அடங்கும் என அறிவிக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஹெக்டேயருக்கு ஆண்டொன்றுக்கு 77 டொலர். முன்னர் குறிப்பிட்ட உலகச் சராசரியின் பத்து மடங்கு! ஆனால் அத்தொகையில் கரையோரப் பெண்கள் 15,000 பேருக்கான பயிற்சியும் சிறுகடனும் புதிய நடுகையும் உள்ளடங்கும் என்பதையும், அதன் ஊற்று திறைசேரியன்று வெளிநாட்டுக் கொடை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். கொடையாளருக்கு ஆர்வம் இருக்கும்வரைதான் அப்பணம். 2020 இல் கண்டல்களுக்கான தேசியக் கொள்கை ஒன்று அங்கீகரிக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் இலங்கையின் கண்டல் மீட்பை உலகின் முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. இப்பாராட்டுக்களைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் கொள்கைக்குப் பக்கத்தில் ஒரு நிரந்தர நிதித் தலைப்பு இல்லையாயின் அது அலுமாரிக்குத்தான் போகும்.

செலவைச் சரியான இடத்தில் செய்தால் குறைந்த தொகையே போதும் என்பதற்குப் பாக்கு நீரிணைக்கு அப்பால் சான்றுண்டு. தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் கண்டல் அழிந்ததற்குக் காரணம் நாற்று இல்லாமை அன்று; நீர் தேங்கி உவர் ஏறியதே என்பதை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990 களில் கண்டறிந்தன. மீன் முள்ளைப் போலக் கிளை பிரியும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டு, கடல் ஏற்றவற்றத்தின் நீர் உள்ளே வந்துபோக வழி செய்யப்பட்டது. நீர் ஓடத் தொடங்கியதும் மரமும் பிடித்தது. வாய்க்கால்களைத் தூர்வாரும் பொறுப்பில் கிராம மக்கள் சேர்க்கப்பட்டனர். மட்டக்களப்பில் வெள்ள காலத்தில் முகத்துவாரம் எப்போது வெட்டப்பட வேண்டும் என்ற சர்ச்சை மாரிதோறும் எழுவதை நாமறிவோம். விவசாயிக்கு ஒரு நாள், மீனவனுக்கு வேறொரு நாள். கண்டலின் நீர்த்தேவை அந்தக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் இருப்பதில்லை. வியட்நாமில் செஞ்சிலுவைச் சங்கம் 1.1 மில்லியன் டொலர் செலவில் 12,000 ஹெக்டேயர் கண்டலைக் காத்ததனால், கடலணையைப் பராமரிக்கும் செலவில் ஆண்டுக்கு 7.3 மில்லியன் டொலர் மீதமானதாகக் கணக்கிடப்பட்டது. பங்களாதேஷ் 1966 முதல் அரசாங்கச் செலவிலேயே கரையோரத்தில் காடு வளர்த்து வருகிறது. கண்டல் ஒரு கட்டுமானம் என்று அந்நாடுகள் கருதுகின்றன. எமது நாட்டிலோ கொங்கிறீற் சுவருக்கே மூலதனச் செலவு என்ற அந்தஸ்து.

பணத்தைப் பற்றி மட்டும் பேசி இக்கட்டுரையை முடித்துவிட முடியாது. வடக்கு கிழக்கில் 'வன இலாகா' என்ற சொல் மக்கள் மனதில் எழுப்புவது மரத்தின் நிழலை அல்ல, எல்லைக்கல்லின் நினைவை. யுத்தத்தால் இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் திரும்பியவர்கள், தாமும் தம் தந்தையரும் பயிரிட்ட காணி பற்றையாகிக் காடென அடையாளமிடப்பட்டிருப்பதைக் கண்டனர். மன்னார் மாவட்டத்து முசலிப் பிரதேச முஸ்லிம்களின் மீள்குடியேற்றப் பகுதிகளை அடுத்து, 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பு இதன் இன்னொரு முகம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக மட்டக்களப்புப் பாற்பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டம் மகாவலிக் காணியைப் பற்றியதாயினும், அரச நிறுவனம் ஒன்று வரைபடத்தோடு வந்தால் எமது நிலம் போய்விடும் என்ற அதே அச்சத்தையே ஆழப்படுத்தியது. 'ஏனைய அரச காடுகள்' எனப்படும் பிரகடனப்படுத்தப்படாத காடுகள் 2001 ஆம் ஆண்டின் சுற்றறிக்கையால் வன பரிபாலனத் திணைக்களத்தின் கீழ் வந்தன. 2020 நவம்பரில் அச்சுற்றறிக்கை நீக்கப்பட்டு மாவட்ட, பிரதேச செயலாளர்களின் கைக்கு அவற்றின் முகாமை மாற்றப்பட்டது. ஒரு கடிதத்தால் காடாகி மறு கடிதத்தால் காணியாகும் நிலத்தில் எந்த விவசாயி மரத்தை நம்புவான்? இந்த நிலையில் திணைக்களத்தின் ஒதுக்கீட்டை இரட்டிப்பாக்கினால் எல்லைக்கற்களின் எண்ணிக்கையே இரட்டிப்பாகும் என்று மக்கள் அஞ்சுவதில் தவறு காண முடியாது. அவ்வச்சத்தைக் காரணம் காட்டி வாவிக்கரையை நிரப்பி விற்போருக்கும் அதே நியாயத்தைக் கொடுத்துவிடக் கூடாது. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லும் துணிவு எமது அரசியல் தலைமைகளுக்கு இருக்க வேண்டும். தேர்தல் காலத்தில் அத்துணிவு குறைந்துவிடுவது வழமை.

அரசாங்கத்திடம் பணம் ஏது என்று கேட்பார்கள். 2022 இல் கடனைச் செலுத்த முடியாது என அறிவித்த நாடு இது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2025 முதல் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 சதவீதத்தை ஆரம்ப மிகையாகக் காட்ட வேண்டிய கட்டாயத்திலும் இருக்கிறது. அந்நெருக்கடி உண்மையானது. ஆனால் வழிகள் அடைபட்டு விடவில்லை. கரீபியன் கரையில் உள்ள பெலிஸ் 2021 இல் தனது வெளிநாட்டுக் கடனைத் தள்ளுபடி விலைக்குத் திருப்பி வாங்க 364 மில்லியன் டொலர் ஏற்பாட்டைப் பெற்று, பதிலுக்குக் கண்டலும் பவளப்பாறையும் உள்ளிட்ட கடல் வளத்தைப் பாதுகாக்க இருபது ஆண்டுகள் பணம் செலுத்த உடன்பட்டது. 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் மாநாட்டில் தொடங்கப்பட்ட வெப்பவலயக் காடுகளுக்கான நிதியம், நின்றிருக்கும் காட்டுக்கு ஹெக்டேயருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 டொலர் வழங்குவதை நோக்காகக் கொண்டுள்ளது. இவ்வகை ஏற்பாடுகளின் நிபந்தனைகளை நுணுகி ஆராய வேண்டும். வெளிநாட்டார் சொல்லும் இடத்தில் ஒப்பமிடுவது பழைய நோய். ஆயினும் அவற்றில் குறிப்பிட்ட பங்கு நேரே வாவி மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போக வேண்டும் என்று இப்போதே கோரலாம். நடும் நாளில் பாதியும் ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடு நிற்கும் மரத்தை எண்ணி மீதியும் என்று கொடுப்பனவை வகுக்கலாம். நிதி ஆணைக்குழுவின் சூத்திரத்தில் காட்டையும் களப்பையும் சேர்க்கும்படி கேட்பதற்கு வெளிநாட்டுப் பணமும் தேவையில்லை.

மாவட்ட அபிவிருத்தி ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் எமது பாராளுமன்ற உறுப்பினர்கள், தமிழரும் முஸ்லிமும், திணைக்களத் தலைவர்களிடம் மூன்று எண்களைக் கேட்கட்டும். 2005 தொடக்கம் மட்டக்களப்பு வாவியிலும் வாழைச்சேனை, பனிச்சங்கேணிக் களப்புகளிலும் கண்டலுக்காகச் செலவிடப்பட்ட ரூபா எவ்வளவு? நடப்பட்ட கன்றுகள் எத்தனை? இன்று நிற்கும் மரங்கள் எத்தனை? இவ்வெண்களை எழுத்தில் பெற்றுப் பத்திரிகைகளுக்குத் தரட்டும்.